அப்பா கடலுக்குப் போன கோடை

அப்பாவின் தலைத் திவசத்துக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், பட்டறைக் கூட்டாளிகளுக்கும், கோச்சடைத் தெருக்காரர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். இதை எழுத உட்கார்ந்தபோதே அத்தை, அதாவது அப்பாவின் ஒரே தங்கை, என்னை எச்சரித்துவிட்டார். நினைவு மலர் என்றால் நல்லதை மட்டும் எழுத வேண்டுமாம், கண்டதையும் எழுதி ஊர் வாயில் விழக் கூடாதாம். நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் அப்பாவின் வாழ்க்கையில் ஒரு கோடை இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நான் எதை எழுதினாலும் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றியதாகத்தான் இருக்கும். உங்களில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரிந்த சங்கதிதான். யாரோ எப்படியோ சொல்லிக் கேட்பதைவிட என்னிடமே கேட்டுவிடுங்கள்.

அப்பா பிறந்தது கீழக்குயில்குடியில், மலையடியில். மழையை நம்பி விதைக்கிற குடும்பம். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு மீசை முளைக்கவில்லை. தம்பியையும் தங்கையையும் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்து ஒரு டீசல் என்ஜின் பட்டறையில் சேர்ந்தார்கள். கிரீஸ் கையோடு தம்பிக்குத் தலை சீவிவிட்டு, சட்டையெல்லாம் கறையாகிப் பள்ளிக்கூடத்தில் தான் அடி வாங்கியதாகச் சித்தப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு கோச்சடையில் சொந்தப் பட்டறை. நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் விடுகிற நேரத்தில் ஒருவரின் மோட்டார் நின்றுவிட்டதென்றால் அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போய்விடுவார்கள். அம்மா திட்டுவார். "பயிரு காத்திருக்காதுடி" என்பார்கள், அவ்வளவுதான். தங்கையைக் கட்டிக்கொடுத்து, தனக்கு நாங்கள் பிறந்து, கடைசியாகத் தம்பிக்குச் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில் பெண் எடுத்தார்கள். அவர்தான் எங்கள் சித்தி. வந்த புதிதில் என் பாவாடைக்கும் சித்தியின் சேலைக்கும் ஒரே கடையில் துணி எடுத்துத் தருவார் சித்தப்பா. அம்புட்டுச் சின்ன வயசு சித்திக்கு.

எமர்ஜென்சி வந்ததற்கு முந்தின கோடை அது. வைகை வெறும் மணலாகக் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது பம்புசெட்டை யார் ரிப்பேர் பார்ப்பார்கள்? பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தார்கள் அப்பா. அப்போதுதான் ஒரு மில் முதலாளி ஆள் அனுப்பினார். அவருடைய தோட்டத்து என்ஜின்களை அப்பா பல வருடமாகப் பார்த்து வந்தவர்கள். அவர் தூத்துக்குடியில் ஒரு லாஞ்சு வாங்கி வைத்திருந்தார். மீனாட்சி கோயிலைப் பார்க்க மதுரைக்கு வந்து பெரிய ஓட்டல்களில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களையும் பம்பாய்ப் பணக்காரர்களையும் அம்பாசடர் காரில் கூட்டிப்போய், நாள் வாடகைக்கு லாஞ்சில் ஏற்றி, நடுக்கடலில் மீன் பிடிக்க வைப்பது அவர் ஆரம்பித்திருந்த தொழில். தொழில் பாதி, சொந்த ஆசை பாதி. லாஞ்சின் என்ஜின் அடிக்கடி மக்கர் பண்ணியது. அந்தக் கோடைக்கு மட்டும் வந்து பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். அப்பா தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் தேடிப் போன மீனுக்கு வெள்ளைக்காரர்கள் மார்லின் என்று பெயர் சொன்னார்களாம். அப்பா அதை ஈட்டி மீன் என்பார்கள். மேல்வாய் ஈட்டி மாதிரி நீண்டிருக்கும், ஆளைவிட நீளம், எருமைக் கன்றைவிடக் கனம். தளத்தில் அடித்து வைத்த நாற்காலியில் விருந்தாளி வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையில் பெரிய தூண்டில் கம்பு, அதில் சக்கரம். லாஞ்சுக்குப் பின்னால் சூரை மீனை இரையாகக் கோத்து இழுத்துக்கொண்டு போவார்கள். மீன் கவ்விவிட்டால் மணிக்கணக்கில் போராட்டம். கடைசியில் மீன் பக்கத்தில் வந்ததும், தூண்டில் நரம்பின் நுனியில் கட்டிய கம்பியைக் கையால் பிடித்து மீனை லாஞ்சோடு ஒட்டி இழுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சித்தப்பா.

வாரம் ஒருமுறை இருவரும் வீட்டுக்கு வருவார்கள். முதல் வாரம் முழுக்க அப்பா வாந்தி எடுத்தே கிடந்தார்களாம். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வாய் குடிக்க முடியலை பாரு" என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. சித்தப்பாவுக்கோ கடல் பிடித்துப்போய்விட்டது. தொப்பி போட்ட வெள்ளைக்காரரை மாப்ள என்று கூப்பிட்டு, விடாமல் இழுக்கும்படி தமிழிலேயே அதட்டுவாராம். அவரும் சிரித்துக்கொண்டே இழுப்பாராம். சித்தி கதவோரம் நின்று சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தது அந்தச் சில வாரங்கள்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். மாடக்குளம் கண்மாயில் விரால் பிடிக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் தூண்டில் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பிடிப்பார்கள். விரால் வழுக்கும், இழுக்கும், சுற்றிப் பிடித்தால்தான் நிற்கும். சித்தப்பா கடலிலும் அப்படியே பிடித்தார். லாஞ்சு ஓட்டிய கடற்கரைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஏசியிருக்கிறார், கையை விரித்துப் பிடி, சுற்றாதே என்று. கையுறை கொடுத்தால் சித்தப்பா கழற்றிப் போட்டுவிடுவார். அப்பாவுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கையில் சுற்றாமல் கயிறு பிடிக்கிற ஆளை அவர்கள் பார்த்ததே இல்லையே.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். முதலாளிகள், கம்பெனி அதிகாரிகள், வெளிநாட்டு விருந்தாளிகள் எல்லாம் ஆளுக்கொரு படகில் போய், எடை கூடின மீனைக் கொண்டுவருகிற படகுக்குக் கோப்பை. எங்கள் முதலாளிக்கு அந்தக் கோப்பையில் உயிரே இருந்தது. ஜெயித்தால் சித்தப்பாவுக்கு மில்லில் நிரந்தர வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அதுதான் வேண்டும். தம்பிக்கு ஒரு நிரந்தர வேலை.

அன்று முதலாளியே நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு மேல் மீன் கவ்வியது. அந்தக் கோடையில் அவர்கள் பார்த்ததிலேயே பெரியது அதுதான். இரண்டு முறை பக்கத்தில் வந்து ஓடியது. மறுபடி வந்தபோது சித்தப்பா கம்பியைப் பிடித்துக் கையில் சுற்றினார். மீன் அடியில் பாய்ந்தது. சித்தப்பா கத்தக்கூட இல்லையாம். நின்ற இடம் காலியாக இருந்ததாம். அப்பா கத்தியால் நரம்பை அறுத்தார்கள், கடலில் குதித்தார்கள், கடற்கரைக்காரரும் குதித்தார். மற்றப் படகுகளும் வந்து பொழுது சாயும்வரை தேடின. சித்தப்பா கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

அப்பா வீடு வந்து சேருமுன் செய்தி வந்துவிட்டது. வாசலில் கூட்டம். சித்தியை நடுவில் உட்கார வைத்துப் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். தலையில் இருந்த பூவை எடுக்க ஒரு பெரியம்மா கை நீட்டினார். அந்த நேரத்தில்தான் அப்பா உள்ளே வந்தார்கள். சித்தி நிமிர்ந்து பார்த்தார். அப்பா சொன்னார்கள்:

"பூவை எடுக்காதீக. கொழும்புக்குப் போற தோணி ஒண்ணு அந்தப் பக்கமாப் போச்சு. அவனை ஏத்தியிருப்பாக."

தோணி போனது உண்மை. எட்டாத தூரத்தில், பாய் மட்டும் தெரிய. அதில் யாரும் ஏறியிருக்க முடியாது என்று அப்பாவுக்குத் தெரியும். மறுநாளே அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்: அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது, நாலு நாளில் மெல்ல எடுத்துச் சொல்லிவிடுகிறேன் என்று. சொல்லவில்லை. நாலு நாள் போனது, நாலு மாதம் போனது. ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

சித்தியின் தகப்பனார் சோழவந்தானிலிருந்து வந்தார். எங்கள் பக்கம் அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு, தாலியை இறக்கினால் வேறு இடத்தில் கொடுக்கலாம். பிள்ளையும் கிடையாது, வயசும் கிடக்கிறது. "மாப்ள செத்தாரா இருக்காரா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சம்பந்தி" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சித்தி அடுப்படி வாசலில் நின்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர் காப்பியைக் குடிக்காமலே பஸ் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு அப்பா மீன் சாப்பிடவில்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகவில்லை. கிணற்றடி மோட்டார் என்றால் மேலே நின்றுகொண்டு வேறு ஆளை இறக்கினார்கள். மில்காரர் வீட்டிலிருந்து ஒருமுறை ஆள் வந்தது. அப்பா பட்டறையின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். சித்தி எங்களோடுதான் இருந்தார். எங்களை வளர்த்ததில் பாதி அவர்தான். என் கல்யாணத்தில் ஆரத்தி எடுத்தவர் அவர். முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

எண்பத்து மூன்றில் இலங்கையிலிருந்து அகதிகள் வரத் தொடங்கியபோது சித்தி ஒரு பையில் சித்தப்பாவின் வேட்டி சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, மண்டபம் முகாமுக்குப் போக வேண்டும் என்றார். அப்பா கூட்டிப் போனார்கள். முகாமில் ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்தாராம் சித்தி. அப்பா பக்கத்தில் நடந்துகொண்டே, தானும் தேடுகிற மாதிரி பார்த்தார்களாம். ஒருமுறை அல்ல, பலமுறை போனார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்குக் காய்ச்சல் வரும். வீட்டையும் வாசலையும் இழந்து வந்தவர்கள் சித்தியைத் தேற்றி அனுப்பினார்களாம், வந்துவிடுவார் அக்கா என்று. அதை அப்பா என்னிடம் சொன்னபோது சுவரில் தலையை முட்டிக்கொண்டார்கள். நான்தான் பிடித்து இழுத்தேன்.

பன்னிரண்டு வருடம் ஆனதும் அத்தை சண்டைக்கு வந்தார். காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் செய்யலாம், சின்னண்ணன் ஆன்மா தண்ணீருக்குள்ளேயே கிடந்து தவிக்க வேண்டுமா என்று கேட்டார். உயிரோடு இருப்பவருக்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறீர்களா என்று சித்தி திருப்பிக் கேட்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்கள். அந்த வருடம்தான் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

இனி எழுதுவது நானும் அம்மாவும் கேட்டது. ஒரு மத்தியானம் சித்தி கஞ்சி கொண்டுவந்தார். அப்பா உட்காரச் சொன்னார்கள்.

"தாயி, அவன் வரமாட்டான். தோணியில யாரும் ஏத்தலை. தண்ணிக்குள்ள அவன் முகத்தை நான் பார்த்தேன். கத்தி என் கையில இருந்துச்சு. உடனே அறுத்திருந்தா மேல வந்திருப்பான். நான் மொதலாளியைத் திரும்பிப் பார்த்து, அறுக்கவான்னு கேட்டேன். கேட்டுட்டுத்தான் அறுத்தேன்."

அறுக்கவா என்று கேட்டது அம்மாவுக்கும் அன்றுவரை தெரியாது. அப்பா எந்த வேலையையும் உரியவரைக் கேட்காமல் தொடாதவர்கள். பிறர் மோட்டாரில் ஒரு திருகாணியைக் கழற்றுவதானாலும் கேட்டுவிட்டுத்தான் கழற்றுவார்கள். அதை நல்ல குணம் என்று ஊரே சொல்லும். நானும் இந்த மலரில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கஞ்சியில் ஆடை படிந்துவிட்டது. பிறகு சித்தி மெதுவாகத்தான் சொன்னார், கோபமாகக்கூட இல்லை.

"நீங்க சொன்னதை நம்பித்தான் அத்தான் பூ வச்சேன். எனக்கு இருந்த வயசெல்லாம் அதுலயே போயிருச்சு. இப்ப வந்து இல்லைன்னா, நான் எதுக்கு இருந்தேன்? உங்க பாரம் எறங்கணும்னு நான் பூவை எடுக்க மாட்டேன்."

கஞ்சியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, வழக்கம்போல ஊட்டிவிட்டுப் போனார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். என் தம்பி தன் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோதுகூடத் திரும்பவில்லை. அந்த வாரமே போய்விட்டார்கள். நிம்மதியாகப் போனார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் கூடவே இருந்தேன்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்சம்மாக்களுக்கும், தோளில் சுமந்த பட்டறைப் பையன்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட அண்டை வீட்டாருக்கும், தூத்துக்குடியிலிருந்து தள்ளாத வயதில் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போன அந்தக் கடற்கரைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

கடைசிப் பக்கத்தில் துயரில் வாடும் குடும்பத்தார் பெயர்கள் இருக்கின்றன. அதில் சித்தப்பாவின் பெயரைப் பார்ப்பீர்கள். அச்சகத்துக்காரர் "அமரர்" என்று போட்டுக் கொண்டுவந்த தாளைச் சித்தி வாங்கிப் பார்த்தார். அண்ணன் சாவுக்குத் தம்பி பெயர் ஒழுங்காக இல்லாமல் மலர் போடுவார்களா என்று என்னைக் கேட்டார். நான் அதை அடித்துவிட்டு "திரு" என்று போடச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது சித்தியிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.