நாத்தனாரின் பிரான்ஸ் பெட்டி

வாங்கும்போது அது ஸ்மார்ட் டிவி. அப்படிச் சொல்லித்தான் எங்கள் தலையில் கட்டினார்கள். நாலைந்து வருஷத்தில் அதன் புத்தி மழுங்கிப் போனது. எந்த ஆப்பைத் திறந்தாலும் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றி முடித்துவிட்டு, இந்தக் கருவியில் இது இனிமேல் இயங்காது என்று அறிவிக்கும். என் வீட்டுக்காரர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "அதுக்கு வயசாயிடுச்சி" என்றார். அதைவிட வயசானவர்கள் அந்த வீட்டில் மூன்று பேர் இயங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

மூன்று பேர் என்பது நான், அவர், என் மாமனார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் புதுச்சேரியில், தட்டாஞ்சாவடியில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். எப்போதும் முதல் ஷிஃப்ட். நெல்லித்தோப்பில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி உட்காரும்போது மூன்று மணி ஆகியிருக்கும். சாயங்காலம் ஆனால் டிவி மாமனாருடையது. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நடுவில் ஒருவர் அமைதி அமைதி என்று அவர்களைவிடச் சத்தமாகக் கத்துவார். அதற்குப் பெயர் விவாதம். அது முடிந்தால் டிவி வீட்டுக்காரருக்கு. உலகத்தில் ஏதாவது ஒரு மூலையில் யாராவது கிரிக்கெட் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆக எனக்கென்று இருப்பது மாமனார் மதியத் தூக்கம் போடுகிற நேரம், மூன்றிலிருந்து நாலரை வரைக்கும். அந்த நேரத்தில் எனக்குப் பிடித்ததை, யாருக்கும் கணக்குச் சொல்லாமல், காலை நீட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

டிவிக்குப் பின்னால் ஒரு குச்சியோ சின்னப் பெட்டியோ செருகினால் போதும், பழைய டிவியிலேயே எல்லாம் வரும் என்று கம்பெனியில் பெண்கள் சொன்னார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன். வழியில் கடையில் இறங்கி ஒன்று வாங்கிக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கத்திரிக்காய் வாங்கினால் பாதி சொத்தையாக இருக்கும், புரட்டிப் பார்க்க மாட்டார். கரன்ட்டில் ஓடுகிற பொருள் என்றால் மட்டும் ஆராய்ச்சியாளர் ஆகிவிடுவார். குச்சி நல்லதா பெட்டி நல்லதா என்று வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஓர் இளைஞன் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரிக்கிறான், பிரித்துக்கொண்டே இருக்கிறான், கல்யாணப் பெண்ணின் முகத்திரையைக்கூட அவ்வளவு பயபக்தியோடு யாரும் விலக்க மாட்டார்கள். அதை இவர் சாப்பிடாமல் பார்ப்பார். ரேம் பத்தாது என்பார். ஃபோர்கே வேண்டும் என்பார். நம் டிவியில் ஃபோர்கே வராதே என்றால், "நாளைக்கி டிவி மாத்துனா?" என்பார். டிவி மாற்றுகிறவர் பெட்டி எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டால், உனக்கு டெக்னிக்கல் புரியாது என்பார். நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனோம். கேள்வி கேட்டது நான், கடைக்காரர் பதில் சொன்னது அவருக்கு. இரண்டு பேரும் சந்தோஷமாகப் பேசி முடித்து, எதுவும் வாங்காமல் திரும்பினோம். புது மாடல் வரப்போகிறதாம். இப்படியே மூன்று மாதம் என் மூன்று மணி, கேபிளில் வரும் நகைக்கடை விளம்பரத்தோடு கழிந்தது.

ஆடி பிறந்தது. ஆடி பிறந்தால் புதுச்சேரியில் பாதி வீடுகளுக்குப் பிரான்ஸிலிருந்து ஆள் வரும். அங்கே பள்ளிக்கூட லீவு, இங்கே வீராம்பட்டினம் தேர், இரண்டும் சேர்ந்து வரும். எங்கள் வீட்டுக்கு வருவது என் நாத்தனார், இவருடைய அக்கா. பிரெஞ்சு நேஷனாலிட்டி வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, இருபது வருஷத்துக்கு மேல் பாரிஸ் பக்கம் இருக்கிறார். அவர் கொண்டு வருகிற பொருளுக்கு எங்கள் வீட்டில் தனிச் சட்டம். அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, மாற்றக்கூடாது, தீர்க்கவும் கூடாது. சோப்பு பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருக்கும். நாங்கள் உள்ளூர் சோப்பில் குளிப்போம். போன தடவை கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்னும் பிரான்ஸ் நேரத்திலேயே ஓடுகிறது. முள்ளைத் திருப்பலாமே என்றதற்கு, "எம்மவ குடுத்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கட்டும்மா" என்றார் மாமனார்.

அந்த ஆடியில் நாத்தனார் சூட்கேஸைத் திறந்து, சாக்லேட்டுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். "நாங்க புதுசு வாங்கிட்டோம்டா. இது நல்லாத்தான் ஓடுது, வெச்சிக்க" என்று தம்பியிடம் கொடுத்தார். ரேம் எவ்வளவு என்று இவர் கேட்கவில்லை. எந்த வருஷத்து மாடல் என்று கேட்கவில்லை. மூன்று மாத ஆராய்ச்சி ஒரு நொடியில் முடிந்தது.

மாட்டினோம். டிவி பிரெஞ்சில் பேசியது. மெனு முழுக்கப் பிரெஞ்சு. மாமனார் மில்லில் வேலை பார்த்தவர், சின்ன வயசில் இரண்டு மூன்று வகுப்பு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அத்தனை வருஷம் கழித்து வேலை கிடைத்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கேய்னு போட்டிருக்கான் பாரு, அதான் மொதப் பக்கம். அக்கேய்னா வரவேற்கறது. நம்மள வாங்கன்னு கூப்புடுறான்."

வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது வாங்க என்று சொன்ன முதல் ஆள் அந்தப் பெட்டிதான்.

மொழியைத் தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ மாற்றிவிடலாம் என்றேன். மாமனார் முகம் வாடிப்போனது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவர் மெனு படித்துக்காட்ட ஆரம்பித்திருந்தார். சரி, நாத்தனாருடைய கணக்கை எடுத்துவிட்டு நம்முடையதைப் போடலாம் என்றேன். அது வீட்டுக்காரருக்கு ஆகவில்லை.

"அக்கா பேர எடுத்துட்டா அவ என்னா நெனப்பா? குடுத்த பொருள்ல அவள வெளிய தள்ளிட்டாப்ல இருக்கும். அதுலயே பாரு, எதையும் நோண்டாத."

இப்படியாக நெல்லித்தோப்பில் உட்கார்ந்து நான் பார்ப்பதெல்லாம் பாரிஸில் என் நாத்தனார் கணக்கில் ஏறத் தொடங்கியது. சோப்பைப் பீரோவில் பூட்டுகிற குடும்பம் டிவியை மட்டும் திறந்து போட்டுவிட்டது.

அப்போது நான் பார்க்க ஆரம்பித்திருந்தது ஒரு நீளமான தமிழ்த் தொடர். ஒரு பங்களா, மூன்று மருமகள்கள், பங்களா முழுக்கப் படிக்கட்டு. யாராவது ஒருத்தி இறங்கிக்கொண்டே ஒட்டுக் கேட்பாள். நாத்தனார் ஊருக்குத் திரும்பின பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"என்னாடா, உம்பொண்டாட்டி நேத்து மூணு எபிசோடு பாத்திருக்கா? வேலைக்கிப் போவலயா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம், அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஏழு கடல் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வாரமும் போன் வந்தது. "அந்த ரெண்டாவது மருமவளுக்கு வாய் ரொம்ப ஜாஸ்திம்மா" என்று என்னிடமே சொன்னார். கதையில் வருகிறவளைத்தான் சொல்கிறாராம். எங்களுக்குத் தெரியாதா. அதற்கடுத்த வாரம், பாதியில் நிறுத்தியிருக்கியே ஏன் என்று கேட்டார். கேஸ் சிலிண்டர் வந்தது அண்ணி என்று சாட்சியோடு விளக்கம் கொடுத்தேன். அதன் பிறகு சோபாவில் காலை நீட்டினால்கூட யாரோ பார்ப்பது மாதிரி இருந்தது. என் ஒன்றரை மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனால் மேற்பார்வையாளரோடு. அதைத்தான் கம்பெனியில் காலையிலிருந்து பார்க்கிறேனே.

தீபாவளி போனஸ் வந்தது. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் கடைக்குள் போனேன். டிவிக்குப் பின்னால் செருகுகிற குச்சி வேண்டும் என்றேன். எடுத்து வைத்தார்கள். ஓடுமா என்றேன். ஓடும் என்றார்கள். வாங்கிவிட்டேன். ஆராய்ச்சி மொத்தமும் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேம் கம்மி" என்றார். உடம்பு சரியில்லாத குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு வருத்தத்தோடு. பிரான்ஸ் பெட்டியை நான் கழற்றவில்லை; அது சட்டப்படி அதன் இடத்திலேயே இருந்தது, மாமனாருக்கு மெனுவும் இருந்தது. என் குச்சியை இன்னொரு ஓட்டையில் செருகி, மகளின் கணக்கைப் போட்டுக்கொண்டேன். பங்களாவையும் மூன்று மருமகள்களையும் அப்படியே விட்டேன். பழைய காமெடிப் படம் ஒன்று பார்த்தேன். அதைப் பாதியில் விட்டு, யாரோ ஒருவர் பாழடைந்த கிணறு தூர் வாரும் வீடியோ ஒன்றை முழுசாகப் பார்த்தேன். எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்க ஆள் இல்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கிணற்றையும் பார்த்ததில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். வார நாள், மணி நாலு. போன் அடித்தது, நாத்தனார், வீடியோ காலில். தம்பிக்கு இல்லாமல் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லையா, இன்று இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்றுதான் எடுத்தேன்.

அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அவர் சமையலறையில் இருந்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். மேஜை மேல் தட்டில் சோறு, குழம்பு. எதிரே தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த டேப்லெட். வேறு நாற்காலிகளில் யாரும் இல்லை.

"என்னாம்மா, ஒடம்புக்கு என்னா?"

"ஒண்ணுமில்லயே அண்ணி. ஏன் கேக்கறீங்க?"

"ஒரு வாரமா தொடரு நூத்திப் பதினொண்ணாவது எபிசோடுலயே நிக்குதே. நீ அப்டி வுடமாட்டியே. தம்பிய கேட்டேன், நல்லாத்தான் இருக்கான்னான். அவனுக்கு என்னா தெரியும்."

டிவியில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். அவரே பேசினார்.

"தெனம் நீ பாத்து முடிச்சதும் இங்க படத்துக்கு அடியில கோடு ஓடியிருக்கும். சரி, அவ பாத்துட்டான்னு அப்பறம்தான் நான் சோறு போட்டுக்கினு ஒக்காருவேன். பசங்க வெளியவே தின்னுட்டு வருதுங்க. வந்தாலும் அதுங்க பிரெஞ்சுல பேசிக்குதுங்க. இவரு ராத்திரிதான் வராரு. நீ பாத்ததயே பாத்தா ரெண்டு பேரா ஒக்காந்து சாப்புடற மாதிரி இருக்கும்."

"நீங்களே மேல பாக்க வேண்டியதுதான அண்ணி? எனக்காக எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"நான் பாத்துட்டா கோடு ஓடிடும்ல? அப்பறம் நீ எங்க வுட்டன்னு உனக்குத் தெரியாதே."

எத்தனை மாதமாக ஒரு இடம்கூட மாறாமல், நான் நிறுத்தின இடத்திலேயே அந்தத் தொடர் எனக்காகக் காத்திருந்தது. விட்ட இடத்தை நினைவு வைத்திருப்பது பெட்டியின் சாமர்த்தியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"சளி அண்ணி" என்றேன். "தலய தூக்க முடியல. அதான் பாக்கல."

"அதான பாத்தேன். குரலே சரியில்ல. சுக்கு தட்டிப் போட்டுக் கொதிக்க வெச்சிக் குடி. நிதானமா பாரு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் போனை வைக்கிற வரைக்கும் தட்டில் சோறு அப்படியே இருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு என் குச்சியிலிருந்து பிரான்ஸ் பெட்டிக்கு மாற்றினேன். அக்கேய் என்றது. நூற்றுப் பதினோராவது எபிசோடைப் போட்டேன். இரண்டாவது மருமகள் நகைப்பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். தொண்ணூறாவதிலிருந்து தேடுகிறாள். சாவி மாமியார் இடுப்பில் இருப்பது அந்தப் பங்களாவில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பாதியில் நிறுத்திவிடத்தான் கை போனது. நான் பாதியில் நிறுத்தினால் அங்கே பாதிச் சோறோடு எழுந்துவிடுவாரே என்று, கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன்.