கூட்ஸ் ஷெட்டில் ஒரு முகூர்த்தம்

பழைய ரயில் கட்டடம் ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், எனக்கு இருப்புக் கொள்ளாது. காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன், அங்கே பழைய கூட்ஸ் ஷெட் இப்போது கல்யாண மண்டபம் என்று நண்பர் சொன்னார். போன ஆவணியில் ஒரு முகூர்த்த ஞாயிறன்று கிளம்பிவிட்டேன். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு பஸ், பிறகு பாசஞ்சர் ரயில். டிக்கெட் பதினைந்து ரூபாய். எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டேன். (ஊர்ப் பெயரைப் போடாதீர்கள் என்று பெண் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். அழையாத விருந்தாளி நான் ஒருவன் போதுமாம்.)

அடேயப்பா, என்ன கட்டடம்! கருங்கல் சுவர், இரும்புத் தூண்கள். ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கான பச்சைத்தோல் உப்புப் போட்டு வேகனில் வந்து இங்கேதான் இறங்கியது. லாரிகள் வந்த பிறகு ரேஷன் அரிசி குடோன். இப்போது மண்டபம். வேகன் உயரத்துக்குக் கட்டிய சரக்கு மேடைதான் மணமேடை! தரையில் ஊறிய உப்பு இன்னும் போகவில்லை. மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து ஜமுக்காளம் நனைந்துவிடுமாம்.

நான் தூணைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பெண்ணின் சித்தப்பா முருகேசன் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

"இங்க ரயில் போறப்பதான் தாலி கட்டுவோம் தம்பி. அதவிடக் கெட்டிமேளம் ஏது? ஆனா கூட்ஸ் கணக்குல வராது. அது பாரம்."

மணப்பெண் கவிதா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். அவளுடைய அக்கா வசந்தாவின் கல்யாணமும் இங்கேதான். அன்று எக்ஸ்பிரஸ் வரவில்லை. கூட்ஸ்தான் போனது. அதை யாரும் சேர்க்கவில்லை, மேளத்தோடு தாலி ஏறியது. அதிலிருந்து பால் திரிந்தால்கூட, "வண்டி வராத தாலி" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவாராம். அதனால், ரயில் வராமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று கவிதா ஒரே பிடிவாதம்.

முகூர்த்தம் ஒன்பது வரை. எட்டு நாற்பதுக்கு வரவேண்டிய எக்ஸ்பிரஸ் முக்கால் மணி நேரம் லேட் என்றது என் போன். இதைச் சொன்ன பாவத்துக்கு மண்டபமே என்னைச் சூழ்ந்துகொண்டது.

"இன்னா தம்பி, எங்க வருது? கொஞ்சம் கம்மி பண்ணிச் சொல்லேன்!"

என்னவோ நான்தான் வண்டியை ஓட்டுவது போல!

ஒன்பதுக்குச் சில நிமிஷம் இருக்கும்போது வெளியே லெவல் கிராசிங் பக்கம் ஒரு கூச்சல்.

"கேட்டு போட்டாச்சு! கேட்டு போட்டாச்சு!"

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். தூரத்தில் தெரிந்தது கூட்ஸ். கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். முருகேசன் ஒரு தடவை ஷெட்டின் கூரையைப் பார்த்தார், ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். சட்டென்று குரல் கொடுத்தார்.

"இன்னா யோசன? இது கூட்ஸ் ஷெட்டுதானே! கூட்ஸுக்கு இல்லாத உரிமையா? கட்டுங்க மாப்ள!"

லெவல் கிராசிங்குக்காக இன்ஜின் ஊதிய ஊதலில் மேடையே அதிர்ந்தது. மேளக்காரர்கள் அடித்தார்கள், ஒன்றுமே கேட்கவில்லை. எக்ஸ்பிரஸாக இருந்தால் ஒரு முடிச்சுக்குள் ஓடியிருக்கும். இது மூன்று முடிச்சும் விழுந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது, யாரென்றே தெரியாதவர்களுக்காக நானும் கை வலிக்க அட்சதை போட்டேன்.

கடைசிப் பெட்டி தாண்டி, சத்தம் அடங்கியது. வசந்தா மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"சித்தப்பா, அப்ப எனக்கு வந்த கூட்ஸும் கணக்குதானே?"

அவளுடைய மாமியார் இரண்டாவது வரிசையில்தான் இருந்தார்.

முருகேசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கணக்குதாம்மா. எங்க புத்திக்குத்தான் அன்னிக்கி எட்டல."

இந்தப் பக்கம் போகிறவர்கள் முகூர்த்த நாளாகப் பார்த்துப் போங்கள், மற்ற நாளில் ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆம்பூருக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். போனை மட்டும் நம்பாதீர்கள். கூட்ஸ் எப்போது வரும் என்று அதில் காட்டாது, கேட்டைப் பாருங்கள்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை வசந்தாவின் மாமியாருக்கு. கேசரியை வழித்துக்கொண்டே எதிர் வரிசை அம்மாளிடம் சொன்னார்:

"இது இன்னா பெரிய கூட்ஸு? எங்க வசந்தாவுக்கு வந்தது இதவிட ஜாஸ்தி நீட்டு."