பார்ப்பதற்கு ஒரு பரீட்சை

இந்த ஊரில் பார்ப்பதற்கும் பரீட்சை உண்டு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தைக்கவும் கணக்குப் போடவும் பரீட்சை வைத்தால் நியாயம். இவர்கள் ஒரு படத்தைச் சுவரில் மாட்டி, மணி அடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, பார்த்துக்கொண்டே இருங்கள் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் நான் ஒரே இடத்தை அவ்வளவு நேரம் வெறித்துக்கொண்டு நின்றிருந்தால் அம்மா வேப்பிலை ஒடித்துவர ஆள் அனுப்பியிருப்பாள். மலாக்காவில் அதற்கு மார்க் போடுகிறார்கள்.

நாங்கள் குடியிருப்பது காஜா பெராங் பகுதியில். கோபம்கொண்ட யானை என்று அர்த்தமாம். நான் வந்ததிலிருந்து யானையையும் பார்க்கவில்லை, கோபத்தையும் பார்க்கவில்லை. என் கணவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்தி, டாக்டர் இல்லாத நேரத்தில் பாதி டாக்டராகவும் இருப்பவர். "இன்னும் ரெண்டு மூணு வருசம், அப்புறம் ஊரைப் பாக்கப் போயிருவோம்" என்பது அவருடைய நித்திய பாராயணம். சுதந்திரம் வரப்போகிறது, பள்ளிக்கூடங்கள் பெருகுகின்றன, வாத்தியார்கள் போதவில்லை என்று இங்குள்ள ஒரு கல்லூரியில் மத்தியான வகுப்பு தொடங்கினார்கள். நான் இன்டர்மீடியட் படித்தவள். மனுப் போட்டேன், இடம் கிடைத்தது. "வீட்டுல இருந்து கொட்டாவி விடுறதுக்கு அங்க போயி விடு" என்று அவர் வாழ்த்தி அனுப்பினார். முதல் வருஷத்தில் எல்லோரும் கட்டாயம் படித்தாக வேண்டிய பாடங்களில் ஒன்றுதான் இந்த 'ஆர்ட் அப்ரிஸியேஷன்'. ஓவியமும் சிற்பமும் எப்படிப் பார்ப்பது என்பதற்கான அரிச்சுவடி. இதில் தேறாவிட்டால் இரண்டாம் வருஷம் கிடையாது. இரண்டாம் வருஷம் முடிக்காவிட்டால் வேலை கிடையாது.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் மிசஸ் ஹார்ட்லி என்ற வெள்ளைக்காரம்மா. ஒடிசலாக, எப்போதும் விரல் நுனியில் சாக்பீஸ் தூளோடு இருப்பார். முதல் நாள் அவர் மாட்டிய படம் பழைய டச்சுக்காரர் காலத்துச் சாப்பாட்டு மேசை. மீன், ரொட்டி, பாதி தோல் உரித்து விட்ட எலுமிச்சை, கவிழ்ந்து கிடக்கும் வெள்ளிக் கோப்பை. பார்த்து முடித்ததும், "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். 'பிடிக்கிறதா' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வெளிச்சம், நிழல், வண்ணம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எழுந்து, "இந்த வீட்டில் யாரோ சாப்பாட்டின் நடுவில் சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள்" என்றேன். வகுப்பே சிரித்தது. மிசஸ் ஹார்ட்லி மட்டும் சிரிக்காமல் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி, "யூ ஹேவ் அன் ஐ" என்றார். உனக்கு ஒரு கண் இருக்கிறது! எனக்கு இரண்டு இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் ஆஸ்பத்திரி வழக்கப்படி என் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து, "ரத்தம் கொஞ்சம் கம்மி. கீரை தின்னு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் சித்திர வகுப்பு இருந்தது. வாத்தியார் மேசைமேல் ஒரு மாம்பழத்தை வைத்து வரையச் சொல்வார். நாங்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். மாம்பழம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களா என்ன? மனதில் இருக்கும் மாம்பழத்தை வரைந்து, ஒரு இலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். அவரும் மேசைமேல் இருப்பதைப் பார்க்காமலே 'நன்று' என்று எழுதிவிட்டு, மணி அடித்ததும் மாம்பழத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கடல் தாண்டி வந்து, அங்கே நான் விட்டுவைத்ததை இங்கே இங்கிலீஷில் படிக்கவேண்டி வந்தது.

அந்த வகுப்பில் லெட்சுமியும் இருந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் செட்டிகள் குடியிருப்பு இருக்கிறது. பல தலைமுறைக்கு முன்பே நம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேர் பிடித்துவிட்டவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். இது தெரியாமல், வந்த புதிதில் கோயிலில் லெட்சுமியைப் பார்த்து, நெற்றியில் விபூதியும் கழுத்தில் தாலியும் இருக்கவே, உடுத்தியிருந்த சாரோங் கைலியையும் கெபாயா சட்டையையும் பொருட்படுத்தாமல், "உங்களுக்கு எந்த ஊருங்க? திருநெல்வேலிப் பக்கமா?" என்று ஆவலோடு கேட்டேன். அவள் கைகூப்பி, "சாயா தா தாவு தமிழ், அக்கா" என்றாள். தனக்குத் தமிழ் தெரியாதாம். அந்த வாக்கியத்தில் எனக்கு நன்றாகப் புரிந்தது கடைசி வார்த்தைதான். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காரத் தொடங்கியபின் அவளுடைய மலாயும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒருவழியாக நடந்தன. அவள் பேசியதை இனி தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

வருஷக் கடைசிப் பரீட்சைக்கு இரண்டிரண்டு பேராகச் சேரவேண்டும். இந்த ஊரில் மனிதக் கையால் செய்த ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளியூரிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் வகுப்பையே அதைப் பார்க்கவைக்கவேண்டும். மிசஸ் ஹார்ட்லி என்னையும் லெட்சுமியையும் சேர்த்துவைத்து, "நீங்கள் இருவரும் இந்துக்கள், பேசிக்கொள்வது சுலபம்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசிக்கொள்வதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நான் கோயில் சிற்பம் என்றேன். அது சாமி, பரீட்சைப் பொருளா என்றாள். அவள் பாசிமணி கோத்த செருப்பு என்றாள். செருப்பையா பரீட்சகர் மூக்குக்கு நேரே நீட்டுவது என்றேன். இப்படியே ஒரு வாரம் போனது.

கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய தமாஷ். நான் வந்த புதிதில் என் கணவரோடு ஜாலான் பெண்டஹாராவில் இருக்கும் ஓங் தவ்க்கேயின் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். தவ்க்கே என்றால் முதலாளி. எங்களுக்குப் பின்னால் அவரே வரைந்த திரை தொங்கியது: ஏரி, அன்னம், பனிமலை, வலப்பக்கம் வளைந்து மேலே போகும் பளிங்குப் படிக்கட்டு. படம் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்ததும் அம்மா பதில் எழுதச் சொன்னது, "வீடு நல்லா இருக்கு. ஆனா அந்தப் படியில கைப்பிடி வழுவழுன்னு இருக்கு, பாத்து இறங்கு" என்பதுதான். இதை லெட்சுமிக்குச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் துணியில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்தாள். கெபாயா போட்ட இளம்பெண் ஒருத்தி, அதே படிக்கட்டின் கைப்பிடிமேல் கை வைத்து நிற்கிறாள். "என் அம்மா. நான் நடக்கத் தொடங்குவதற்குள் இறந்துவிட்டாள். வேறு படம் கிடையாது" என்றாள். அதற்குப் பிறகு சிற்பத்தைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் நாங்கள் பேசவே இல்லை.

திரையை இரவல் கேட்க ஸ்டூடியோவுக்குப் போனோம். தவ்க்கே பனியனோடு ஏணிமேல் நின்று ஏரியை வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்! மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் நெருங்குகிறது, ஊர் முழுக்கப் புதுக்கொடியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறது, அன்னம் யாருக்கு வேண்டும்? இடப்பக்கம் பாதி மறைந்தாயிற்று. நான் எனக்குத் தெரிந்த மலாயைத் திரட்டி, "ஜங்கான் சுச்சி! ஜங்கான் சுச்சி!" என்று கத்தினேன். அழிக்காதே என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. தவ்க்கே ஏணியிலிருந்து இறங்கி, கவலையோடு ஒரு உறையை எடுத்துக் காட்டினார். 'சுச்சி' என்றால் கழுவுவது. ஸ்டூடியோக்காரர்களுக்கோ படத்தைக் கழுவிப் பிரதி எடுப்பது. போன வாரம் என் கணவர் எடுத்துக்கொண்ட படத்தைக் கழுவவேண்டாம் என்று நான் அலறுவதாக அவர் நினைத்துவிட்டார். "கழுவி முடிச்சாச்சே அம்மா, இனி என்ன செய்ய?" என்று மலாயில் மன்றாடினார்.

அதற்குள் லெட்சுமி எங்கள் இருவரையும் கடந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். படிக்கட்டு இன்னும் இருந்தது. கைப்பிடியில் அம்மா கை வைத்த இடத்தில் தன் கையை வைத்தாள். வெறும் துணிதானே, கை உள்ளே அமுங்கியது. தவ்க்கே தூரிகையைத் தகரத்தில் போட்டுவிட்டு, "யாருடைய மகள் நீ?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருக்கு அந்தப் பெண்ணை நினைவில்லை. நினைவிருப்பதாகப் பொய் சொல்லவும் இல்லை. "பரீட்சை முடியும்வரை தொடமாட்டேன். ஆனால் நானும் கூட வருவேன். என் திரையை நம்பிக் கொடுக்க முடியாது" என்றார்.

பரீட்சை நாளான அந்தச் சனிக்கிழமை மலாக்கா ஒரு வேடிக்கை பார்த்தது. பேச்சா என்ற மூன்று சக்கர வண்டியில் நானும் லெட்சுமியும். எங்கள் மடிமேல் மூங்கிலில் சுருட்டிய திரை, இரண்டு பக்கமும் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு. பின்னால் சைக்கிளில் தவ்க்கே, "கிரி! கிரி!" என்று இடப்பக்கம் திரும்பச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். பண்டார் ஹிலிரில் விழாவுக்காகத் தோரணக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்களும் ஏதோ கம்பம் கொண்டுவருவதாக நினைத்துக் கை காட்டி அழைத்தார்கள்.

வகுப்பில் திரையை விரித்ததும் மிசஸ் ஹார்ட்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பாதி வெள்ளை, மறுபாதி படிக்கட்டு, நடுவில் தலை இல்லாத அன்னத்தின் வால். எல்லோரும் பேசாமல் பார்த்தார்கள். பிறகு பரீட்சகர், பெரிய மீசை வைத்த துரை, என்னை நோக்கி, "இது நல்ல ஓவியமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கதவோரத்தில் தவ்க்கே வேறு நின்றுகொண்டிருந்தார். ஆனால் ஒரு வருஷமாகப் பார்க்கப் பழகிய பழக்கம் விடவில்லை.

"இல்லை, ஸார். அன்னத்தின் கழுத்து வாத்துக் கழுத்தாக இருந்தது. படிக்கட்டு எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் இதைப் பார்ப்பதற்காக இதற்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. தங்களைத் தூரத்தில் இருப்பவர்கள் பார்க்கவேண்டும் என்று நிற்கிறார்கள். நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே என்று சொல்ல ஒரு படிக்கட்டு தேவைப்படுகிறது" என்றேன். என் அம்மா கைப்பிடியைப் பற்றி எழுதச் சொன்னதையும் சொன்னேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. லெட்சுமி தன் தாயின் படத்தைப் பரீட்சகர் கையில் கொடுத்து, "இவள் கை வைத்த இடம் இது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். துரை படத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். மிசஸ் ஹார்ட்லி மணி அடிக்க மறந்துபோனார்.

இருவரும் தேறினோம். அத்தனை பேசிய என்னைவிட லெட்சுமிக்கு மார்க் அதிகம். அது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. தவ்க்கே என்னோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வாத்தா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். ஆனால் அவர் படிக்கட்டின்மேல் வெள்ளையடிக்கவில்லை. இடப்பக்கம் புதுக்கொடியை வரைந்தார், வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த மெர்டேக்காவுக்கு எங்கள் வட்டாரத்தில் படம் எடுத்துக்கொண்ட மலாய்க் குடும்பம், சீனக் குடும்பம், நம் குடும்பம் எல்லாம் சுதந்திரக் கொடிக்கும் ஐரோப்பியப் படிக்கட்டுக்கும் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கின்றன. யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. லெட்சுமி தன் கணவனோடும் குழந்தையோடும் போய், கைப்பிடிமேல் கை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

மிசஸ் ஹார்ட்லி கப்பலேறிவிட்டார். நான் இரண்டாம் வருஷமும் முடித்து இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். என் பிள்ளைகள் மாம்பழத்தைப் பார்த்துத்தான் வரையவேண்டும்; பார்த்து வரைந்தவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு உண்டு. ஊருக்குப் போகும் பேச்சைக் கணவர் நிறுத்தவில்லை, வருஷக் கணக்கைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். போன மாதம், குடியுரிமைக்கு மனுப் போடலாமா என்று நான்தான் கேட்டேன். அவர், "போட்டு வைப்போமே. ஊரு எங்க ஓடிப்போவுது?" என்றார். குரல் மட்டும் அவருடைய வழக்கமான குரலாக இல்லை.

மனுவுக்குப் படம் வேண்டும். அரசாங்கத்துக்குப் படிக்கட்டு கூடாது, கொடியும் கூடாது, வெறும் வெள்ளைத் துணிதான் என்று சொல்லி தவ்க்கே துணியைத் தொங்கவிட்டு, ஒரு நீளமான மர பெஞ்சைப் போட்டார். நான் உட்கார்ந்தேன். "தெங்ஙா, தெங்ஙா" என்றார், நடுவுக்கு வா என்று. நகர்ந்தேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டு மறுபடி வெளியே வந்து, "தெங்ஙா!" என்றார். என்னை அறியாமல் ஓரத்துக்குப் போயிருந்தேன். துணைக்கு வந்திருந்த லெட்சுமி, "யாருக்கு இடம் விடுகிறாய், வடிவு?" என்று கேட்டாள். திருநெல்வேலி ஜங்ஷனில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த அன்றும் இதே கூத்துதான். "நடுவுல இரிம்மா, பக்கத்துல ஆருமில்லல்லா" என்று அந்த போட்டோக்காரர் அதட்டினார். அன்றைக்கு நான் விட்ட இடம் அப்போது மலாக்காவில் இருந்த என் கணவருக்கு. இன்றைக்கு அவர் எதிரே வாசலோரம் நின்று, தன் முறைக்காகத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் காற்று வரட்டுமென்று" என்றேன். தவ்க்கே இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, காமிராவை நகர்த்தி வைத்துக்கொண்டார்.