தோற்கப் போகிறவருக்காக ஓடிய மலர்க்கொடி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோது மலர்க்கொடி அக்காவின் மகள் போனில் கூப்பிட்டாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். இதய வால்வு கெட்டு நெடுநாள் துன்பப்பட்டவர்தான். ஆனாலும் நோய் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி என்னால் தப்பிக்க முடியவில்லை.

கடலூரில் அவரோடு தேர்தல் வேலை செய்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விடியலில் துறைமுகத்தில் மீன் விற்றுவிட்டு, குளித்து, கட்சிக்கரைப் புடவை கட்டி வந்துவிடுவார். ஒருமுறை செம்மங்குப்பத்தில் ஒரு வீட்டுக்காரர் நோட்டீஸைக் கசக்கி அவர் காலடியிலேயே போட்டார். அக்கா எடுத்து நீவினார். "ஓட்டு போடலன்னா பரவால்ல, பின்பக்கம் வெள்ளையாத்தான கீது, புள்ளைங்க எழுதிப் பாக்கட்டும்" என்று திரும்பக் கொடுத்தார். அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

நான் வேட்பாளருக்கு மேடைப்பேச்சு எழுதுகிறவன். எதிரணி இரண்டாக உடைந்து கிடந்ததால் அவர் ஜெயிப்பது முதல் வாரத்திலேயே உறுதியாகிவிட்டது. அது தெரிந்தால் நம் ஆட்கள் வீட்டில் படுத்துவிடுவார்கள் என்று பயந்தார். "நான் தோக்கப்போறேன்னு எழுதுய்யா" என்றார். எழுதினேன். "பணபலத்துக்கு முன்னால் நான் தனி ஆள், தோற்கும் நிலையில் நிற்கிறேன், கைவிட்டுவிடாதீர்கள்" என்று வேனில் நின்று அழுதார். அந்த வரிகள் என்னுடையவை.

அன்றே அக்கா என்னைத் தனியாக அழைத்தார்.

"நெசமாவே தோத்துருவாரா தம்பி?"

"ஆமாங்க்கா, நெலம மோசந்தான்" என்றேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அக்காவின் இதய ஆபரேஷனுக்கு நான்தான் அலைந்து நாள் வாங்கியிருந்தேன். அதைத் தள்ளிப்போடச் சொன்னார். நான் தயங்கியதும் கோபம் வந்துவிட்டது.

"கடல்ல ஒருத்தன் ஆபத்துன்னு துணிய அவுத்து ஆட்டுனா மெய்யா பொய்யான்னு கேக்க மாட்டோம். வலைய அறுத்து விட்டுட்டாவது படகத் திருப்புவோம். இவரு ஊருக்கு முன்னாடி ஆட்டுறாரு, நான் போயி ஆஸ்பத்திரில படுத்துக்கறதா?"

கடலில் யாரும் விளையாட்டுக்குத் துணி ஆட்டுவதில்லை. கரையில் ஆட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

பிரச்சாரம் முடிய நான்கு நாள் இருக்கும்போது தெருமுனையில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்திருந்தது. நான் வேட்பாளரிடம் ஓடினேன்.

"அந்தம்மாகிட்ட மட்டும் உண்மைய சொல்லிடறேண்ணே."

"ஒருத்தர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. நாலு நாளுதான? ஜெயிச்சதும் நானே பெரிய டாக்டரா பாக்கறேன்."

திரும்பிப் போய் அக்காவுக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். பாவி நான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எண்ணிக்கையன்று நாலாவது சுற்றிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அக்கா போனில் கத்தினார்: "கரையேத்திட்டோம் தம்பி!" பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு இரைத்தது. ஆபரேஷனுக்கு மறுபடி நாள் கிடைப்பதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மகள் என்னிடம் வந்தாள்.

"எங்கம்மா அலையலன்னா அவரு தோத்துருப்பாரு, இல்ல மாமா?"

ஆமாம் என்றிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாயிடம் சொன்ன பொய்யை மகளிடமும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இல்லம்மா. அவரு எப்படியும் ஜெயிச்சிருப்பாரு."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப எங்கம்மா எதுக்கு செத்தாங்க?"

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது இந்தக் கேள்வி மட்டும்தான். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். என்னால் அந்தத் தெருப்பக்கம் போக முடியவில்லை.