சந்தனமாரியிடம் சொல்லாத பாடம்

ரோஜா செத்துப்போன அம்மாவோடு பேசுகிறாள் என்று எங்கள் லைன் வீட்டில் முதலில் கிளப்பிவிட்டது கடைசி வீட்டு அம்மிணி. நான் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் தையல் மெஷினை நிறுத்தினால் அங்கே கடுகு வெடிப்பதுகூடக் கேட்கும். எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும். பேசுகிறாள், வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பிள்ளை பேசியது என்ன என்று ஒருத்தியாவது காது கொடுத்துக் கேட்டாளா? முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பாடம்.

ரோஜாவுக்கு அப்போது பத்தாம் வகுப்பு. இங்கே மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள், படிப்பெல்லாம் மலையாளம். அவள் அம்மா சந்தனமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். மலையாளம் பேசுவாள், வாசிக்க ஒரு எழுத்துத் தெரியாது. கொத்தனார் வேலை பார்க்கிற புருஷன் செல்லதுரையும் அப்படித்தான். மகள் படிக்கிறாளா, நம்மை ஏய்க்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தனமாரி ஒரு வழி வைத்திருந்தாள். சாயங்காலம் மீன் ஆய உட்காரும்போது எதிரே மகளை உட்காரவைத்து, அன்றைக்கு நடந்த பாடங்களையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் ஒரே கேள்வி.

"சரிட்டி, அது நம்ம வீட்டுல எங்க கெடக்கு?"

மின்சாரம் கம்பியைச் சூடாக்கும் என்றால், கருகிப்போன ஃப்யூஸைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இரும்பு துருப்பிடிக்கிற பாடம் என்றால், உட்கார்ந்திருக்கிற அரிவாள்மணையே சாட்சி. வரலாற்றில் வெள்ளைக்காரன் மிளகுக்கு வந்த கதை சொன்னபோது, உன் அப்பன் பூசிவிட்டு வருகிற பழைய குடோன் சுவரெல்லாம் அவன் கட்டினதுதானா என்று கேட்டாள். ஒருநாள் மலையாளக் கவிதை ஒன்றைச் சொல்லிவிட்டு, "இது நம்ம வீட்டுல எங்கயும் இல்லம்மா" என்றாள் ரோஜா. "அப்ப நீ ஒழுங்காப் படிக்கலன்னு அர்த்தம்" என்றாள் தாய்க்காரி. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சிரித்த சிரிப்பில் ஜாக்கெட் தையல் கோணிவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அம்ருதா டீச்சர், அந்த வாரம் படித்ததில் மனசில் நின்றது என்ன என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பாராம். மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்கும்போது, ரோஜா அரிவாள்மணையையும் ஃப்யூஸையும் பற்றிச் சொல்லுவாளாம். முதலில் சிரித்தவர்கள் பிறகு அவள் முறைக்குக் காத்திருக்க ஆரம்பித்தார்கள் என்று டீச்சரே என்னிடம் சொன்னார்.

அந்த வருஷம் ஆடியில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது. சந்தனமாரி ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வருஷா வருஷம் ஆடி மாசம் காலில் செருப்புப் போடமாட்டாள். கடைசி வெள்ளி கூழ் ஊற்றிய பிறகுதான் போடுவாள். அவள் ஊரில் ஆடி என்றால் காற்றும் புழுதியும். வெறுங்காலோடு நடந்தால் கால் சுடும், அவ்வளவுதான். இங்கே அதே மாசத்துக்குக் கர்க்கிடகம் என்று பேர். மழை கொட்டி, ஓடை நிறைந்து, சாக்கடையும் தெருவும் ஒன்றாகிவிடும். அவள் குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. "ஆத்தா இந்தத் தண்ணியப் பாத்தா நேத்திக்கடன் கேட்டா? செருப்பைப் போட்டுத் தொலையேன்" என்று நான் வாய் வலிக்கக் கத்தினேன். "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணா சாமி மதினி?" என்று கேட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனாள்.

காய்ச்சல் வந்தது. செல்லதுரை மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். கால் சதை வலிக்கிறது என்று அழுதாள். நடந்த வலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் விரதம் முறியும், கூழ் ஊற்றி முடியட்டும் என்று அவளும் சொன்னாள், அவனும் தலையாட்டினான். கூழ் ஊற்றிய மறுநாள் கண் சிவந்து, உடம்பு மஞ்சள் பூத்து, மூத்திரம் நின்றுபோய் எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பொட்டலமாகத்தான் திரும்பி வந்தாள் என் சந்தனமாரி.

கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ரோஜாவின் குரல் கேட்டது. வட்டத்துக்கு வெளியே இருந்து தொடுகோடு வரைவதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்து, அம்மா கேள்வி கேட்கிற அளவுக்கு நிறுத்தினாள். பிறகு, "கெணத்து ராட்டுல கெடக்கும்மா, கயிறு தொடுற எடத்துல" என்றாள். பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியில் சந்தனமாரியின் குரல் வந்துவிடாதா என்று நானும் காத்துக் கிடந்தேன்.

பேசினால் பேசட்டும் என்றுதான் நான் இருந்தேன். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மாசி மாசம் அந்தக் குரல் நின்றுபோனதுதான் வினையானது. பிள்ளை சோறு தின்னாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடமும் போகவில்லை. மாதிரிப் பரீட்சை நெருங்கிவிட்டது. "சந்தனமாரி புள்ளயப் பிடிச்சுக்கிட்டாக்கா. ஊருக்குக் கூட்டிட்டுப் போயி கோடாங்கிட்ட காட்டப் போறேன்" என்று பையில் துணியை அடுக்கினான் செல்லதுரை. போனால் உடுக்கடித்துப் பேயோட்டுவார்கள், அப்புறம் பரீட்சையும் கிடையாது, படிப்பும் கிடையாது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"பேய் பிடிச்சது ஒனக்குத்தாண்டா" என்று அவனைத் திட்டிவிட்டு உள்ளே போனேன். தரையில் உயிரியல் புத்தகம் கிடந்தது. நான் இங்கேயே ஏழாவதுவரை படித்தவள், மலையாளம் வாசிப்பேன். நோய்களைப் பற்றிய பாடம். எலிக்காய்ச்சல் என்று தலைப்பு.

"இதுதானா மோளே?"

தலையாட்டினாள். "டீச்சர் இத நடத்துனதும் எந்திரிச்சு வந்துட்டேன் அத்தை. மத்ததெல்லாம் சொல்லிட்டேன். இத மட்டும் அம்மாட்ட எப்படிச் சொல்ல? எதனால செத்தோம்னே அவளுக்குத் தெரியாது. சும்மா காய்ச்சல்னு நெனச்சுக்கிட்டு இருப்பா. நான் சொன்னா, அது நம்ம வீட்டுல எங்க கெடக்குன்னு கேப்பால்ல?"

"சொல்லு. நான் கூட இருக்கேன்" என்று புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு அடுப்பு ஓரமாக உட்கார்ந்தேன்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். எலி மூத்திரத்தில் இருக்கிற கிருமி தேங்கின தண்ணீரில் கலக்கும். புண் வழியாக, வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். காய்ச்சல் வரும், கால் சதை நோகும், கண் சிவக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து நிறுத்தினாள். அடுப்படியில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ஒன் குதிகால்லதாம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு என் மேல் விழுந்து அழுதாள். அன்றுவரை அவள் அழுது நான் பார்க்கவில்லை.

செல்லதுரை பையும் கையுமாக வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"ஏட்டி," என்றான், "கூழு ஊத்துறவரைக்கும் காக்காம, காய்ச்சல் கண்ட அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

ரோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முதலில் என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அப்புறம் அப்பனைப் பார்த்தாள்.

"அதெல்லாம் பாடத்துல இல்லப்பா."

"டீச்சர் ஏதும் சொல்லலையா?"

"இல்லப்பா. வந்தா வந்ததுதானாம், பொழைக்க வழியில்லையாம்."

அவன் பையை இறக்கி வைத்தான். அப்படியே நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, அடுக்கின துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். பிறகு, "ஊருக்கு வேணாம். நீ பரீட்சைக்குப் படி" என்றான்.

என் கட்டைவிரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது. ஆரம்பத்திலேயே சிகிச்சை கொடுத்தால் முழுவதும் குணமாகும் என்று தெளிவாக அச்சடித்திருந்தார்கள். நான் புத்தகத்தை மூடினேன். அந்த வரி இன்றைக்கும் என்னை விடவில்லை. செல்லதுரை எதிரே வந்தால் கண்ணைப் பார்த்துப் பேச என்னால் முடிவதில்லை.

உயிரியல் பரீட்சை எழுதிவிட்டு வந்த ரோஜா, செருப்பைக் கழற்றாமல் நேரே என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எலிக்காய்ச்சல் கேள்வி வந்துச்சு அத்தை," என்றாள். "அந்த வரியையும் எழுதிட்டேன்."