கழுவின வெள்ளமும் அக்காவின் கிணறும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு என் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்தாள். உள்ளே சோறு வடித்த கஞ்சி நிறத்தில் வெள்ளம்; எங்கள் ஊரில் தண்ணீருக்கு அதுதான் பேர்.

"எனக்க கிணத்து வெள்ளமாக்கும். குடி மக்கா" என்றாள்.

அம்பூரி போகும் வழியில், மலைச்சரிவில் இருக்கும் ஒரு கிரஷரில் மணல் கழுவும் பிரிவு என் பொறுப்பு. அக்காவின் வீடு நேர்கீழே. பாறையை உடைத்து மணலாக்கிக் கழுவும்போது மாவு போன்ற பொடி வெள்ளத்தோடு போய்விடும். அதைத் தேக்கும் தொட்டி மழையில் நிரம்பி, கீழே ஓடும் தோட்டில், அதாவது ஓடையில் வழிந்தது. தோடு நிறைந்து கிணற்றில் இறங்கிவிட்டது.

"மழைக்கு நான் என்ன செய்ய?" என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன்.  அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த வீட்டிலிருந்து குடத்தில் வெள்ளம் சுமந்தார்கள். தினமும் பைக்கில் அவர்களைக் கடந்துதான் நான் வேலைக்குப் போவேன். அந்தக் குடங்கள் கண்ணில் படாமலிருக்க வண்டியை முறுக்குவேன்.

நாங்கள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வெள்ளையாக எதைக் கண்டாலும் ரப்பர் பால் என்றுதான் முதலில் நினைப்போம். பாலில் ஆசிட் விட்டால் உறையும். ரப்பர் ஷீட் அடிக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். தொட்டியின் வெள்ளையும் அப்படி உறைந்து அடியில் தங்கிவிடும் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. வீட்டில் ரப்பருக்கு வைத்திருந்த ஆசிட்டைக் கேனோடு கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தொட்டி அதே வெள்ளையில் கிடந்தது. ரப்பர் பாலில் உறைவதற்கு ரப்பர் உண்டு, இதில் இருப்பது கல்லல்லவா! தொட்டியிலிருந்து கசிந்த ஆசிட் வெள்ளம் பட்டுத் தோட்டு மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. ஆசிட் வாடையிலேயே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது; அவற்றை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு கிரஷர் கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"பால் உறைஞ்சுதா, மக்கா?"

கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள்.  அத்தனை வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அன்றே முதலாளியிடம் போனேன். "ஓடிப்போறது வெறும் வெள்ளம் இல்ல, சாரே. நம்ம மணலாக்கும் போகுது" என்றேன். கிணறு கெட்டதற்கு இளகாதவர் மணலுக்கு இளகினார். சைக்ளோன் என்ற இயந்திரம் ஒன்று வந்தது. பெரிய புனல் போன்ற இரும்புக் கூடு. பம்ப் வெள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அது உள்ளே சுழலச் சுழல, பொடிமணல் சுவரோரம் ஒதுங்கிக் கீழ்வாய் வழியாக இறங்கும். கலங்கல் மேலே ஏறித் தொட்டிகளுக்குப் போய்த் தெளியும். தெளிந்ததைத் திரும்ப மணல் கழுவவே எடுத்துக்கொள்வோம். தோட்டுக்கு ஒரு சொட்டு போகக்கூடாது என்று வரப்பையும் உயர்த்திக் கட்டினேன்.

கீழ்வாய் அகலமானால் கஞ்சியாய்க் கொட்டும், குறுகினால் கயிறுபோல் திரண்டு அடைத்துக்கொள்ளும். மணல் குடை விரித்த மாதிரி சிதறி விழ வேண்டும். அது கைக்கு வர எனக்கு வாரக்கணக்கில் ஆனது. அடிக்கடி கடைசித் தொட்டி வெள்ளத்தை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைப்பேன். ஒரு சாயா குடித்து முடியும்வரை அசைக்காமல் விட்டு, அடியில் என்ன படிகிறது என்று பார்ப்பேன். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை.

கோடையில் கிணற்றை இறைத்து, நானே இறங்கி அடிச்சேற்றை வாரினேன். அடுத்த மழையில் ஊறிய வெள்ளத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குடிக்கலாம் என்று வந்தது. "தைரியமா குடிங்க" என்று அக்காவிடம் போனில் சொன்னதும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வரும் வழியில் அக்கா கூப்பிட்டாள். அதே மேசை, அதே கண்ணாடித் தம்ளர். வெள்ளம் பளிச்சென்று இருந்தது.  தம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிறகு மேசையில் வைத்துவிட்டு அதன் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைக்கவில்லை.

அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலே, குடிக்கத் தந்த வெள்ளத்த என்னத்துக்கு நோக்கிட்டிருக்க?" குரல் உயரவில்லை. "எனக்க பிள்ளைய ரெண்டும் காலையில இருந்து இதத்தான் குடிக்குதுவ. நீ சொன்னியேண்ணு ஆக்கும் குடுத்தேன்."

நான் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அடியைப் பார்க்காமல் அவளிடம் நீட்டி, இன்னும் ஒரு தம்ளர் கேட்டேன்.