படகில் கை கொடுத்தவன்

பதுளையில் பயாஸ்கோப் கூடாரம் போட்ட வருடம் எனக்கு இருபது வயது. தெமோதரைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஆட்களை வேலை வாங்கும் எங்கள் பெரிய கங்காணி தன் தம்பி மகனுக்கு என்னைக் கேட்க, அப்பாவும் சரி என்றுவிட்டார். எனக்கோ கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவர் மேல்தான் மனம். கட்டினால் அவரைத்தான் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். சுவரிடம் சொல்லியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

சம்பந்தம் பேசி முடித்த சந்தோஷத்தில் கங்காணி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லோரையும் படம் பார்க்கக் கூட்டிப்போனார். பிரான்சு தேசத்து ஊமைப் படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று தமிழில் கதை சொல்வார். முதலில், அதை எடுத்த மனிதரைப் பற்றிச் சொன்னார். நாடகத்தில் சின்ன வேஷம் போட்டவராம். ஆரம்பத்தில் எடுத்த படங்கள் ஒன்றும் ஓடாமல், கம்பெனிக்காரன் வெளியே அனுப்பிவிட்டானாம். அப்போதும் விடாமல், இரவல் கேமராவோடு சொந்த ஊர்க் கடற்கரைக்குப் போய், மீன்பிடிக்கிறவர்களையே நடிக்கவைத்து இதை எடுத்தாராம். இப்போது அந்த நாட்டில் அவருக்குப் பெரிய பெயராம். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

படத்தில் ஒரு மீனவப் பெண்ணுக்குக் கப்பல்காரன் மேல் ஆசை. அவள் அப்பாவோ அவளைக் கடை முதலாளிக்குக் கொடுக்கப் பார்க்கிறார். என் வீட்டுக் கதையை இவர்களிடம் யார் போய்ச் சொன்னது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுருள் மாற்றுகிற நேரத்தில் கங்காணி எழுந்துபோய்க் கதை சொல்பவரின் காதில் ஏதோ ஓதினார்.

கடைசியில் அந்தப் பெண் மூட்டையோடு ஓடிவந்து படகில் ஏறினாள். தகப்பன் சொல் தட்டாத உத்தமி, முதலாளியைக் கட்டிக்கொள்ளப் புறப்பட்டுவிட்டாள் என்றார் கதை சொல்பவர். கூடாரமே கைதட்டியது. ஆனால் படகிலிருந்து கை நீட்டி அவளை ஏற்றியவன் கப்பல்காரன். முதலாளி கரையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

திரும்பும்போது கூட்டத்தை முன்னால் போகவிட்டு அப்பாவோடு நடந்தேன். இன்று கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது.

"அப்பா, படகுல அவ கையப் புடிச்சது யாரு?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்தார். நான் விடவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"கப்பக்காரன்தான். எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"அப்பறம் ஏன் கைதட்டுனீங்க?"

"கங்காணி தட்டுனாரு. நானும் தட்டுனேன்."

 வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில், அப்பா நேராகக் கங்காணி முன்னால் போய் நின்றார். சம்பந்தம் வேண்டாம் என்றார். நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தாய், என்ன வந்தது என்று கங்காணி அதட்டினார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நேத்து நானும் கைதட்டிப்புட்டேங்க. படத்துல அந்தப் பொண்ணுக்குச் சம்மதமில்லீங்க. எம் பொண்ணுக்கும் இல்லீங்க."